கேமலாட் இசைநாடகம்: இரண்டாம் பாதி உண்மையிலேயே பலவீனமானதா?

திரைச்சீலை எழுதியது:

கேமலாட் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே தீர்ப்பைத்தான் கேட்கிறேன். பாட்டுகள் அருமை, முதல் பாதி கலகலப்பு, இரண்டாம் பாதி படுத்துவிடுகிறது. 1960 டிசம்பர் 3 அன்று நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கில் அரங்கேறியபோதே விமர்சகர்கள் பலர் ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார்கள். அறுபது வருஷம் தாண்டியும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கதை தெரியாதவர்களுக்காக: ஆர்தர் இளம் அரசன். முகம் தெரியாத அவனுக்கு மனைவியாகப் போக விருப்பமில்லாமல் தப்பி ஓடப் பார்க்கிறாள் குவினிவர். காட்டில் ஒருவனைச் சந்திக்கிறாள், பேசுகிறாள், பிடித்துப்போகிறது. அவன்தான் அரசன் என்பது அப்புறம்தான் தெரிகிறது. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து ஆர்தருக்கு ஒரு யோசனை வருகிறது. பலம் உள்ளவன் சொல்வதே நியாயம் என்றிருக்கும் நாட்டில், நியாயத்துக்காக மட்டும் பலத்தைப் பயன்படுத்தும் வீரர்களை ஒரு வட்ட மேசையில் உட்கார வைத்தால் என்ன? அந்தச் செய்தி கேட்டு பிரான்ஸிலிருந்து வந்து சேர்கிறான் லான்சலாட். ஆரம்பத்தில் அவனைக் கண்டாலே குவினிவருக்கு ஆகாது. பிறகு அவன்மீதே காதல் கொள்கிறாள். ஆர்தருக்கோ இருவருமே உயிர்.

இதை வெறும் முக்கோணக் காதலாகப் பார்த்தால் இரண்டாம் பாதி தொய்வாகத்தான் தெரியும். காதலர்கள் ஏங்குகிறார்கள், ஒதுங்குகிறார்கள், அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. பிடிபடுவது, விசாரணை, தீர்ப்பு, மீட்பு எல்லாம் பெரும்பாலும் கோரஸ் பாட்டில் வேகவேகமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பார்வையை ஆர்தர்மீது வைத்துப் பாருங்கள். சண்டையில் ஜெயித்தவனே நிரபராதி என்றிருந்த ஊரில் சாட்சி, வழக்கு, நடுவர் குழு என்று சட்டத்தைக் கொண்டுவந்தவன் அவன். அந்தச் சட்டம்தான் அவன் மனைவியை உயிரோடு எரிக்கச் சொல்கிறது. ஆர்தருக்கு முறைகேடாகப் பிறந்த மகன் மார்ட்ரெட் இறுக்குவது இந்த முடிச்சைத்தான். ராணியைக் காப்பாற்றினால் சட்டம் சாகும், சட்டத்தைக் காப்பாற்றினால் ராணி சாவாள். லான்சலாட் இந்த நாடகத்தில் ஆர்தருக்கு எதிரியே இல்லை.

முதல் பாதி முடியும் இடத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான மியூசிக்கல்களில் இடைவேளைக்கு முன்னால் அரங்கையே அதிரவைக்கும் ஒரு பாட்டு இருக்கும். இங்கே ஆர்தர் தனியாக நின்று பேசுகிறான். அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பழிவாங்க உரிமையும் இருக்கிறது, படையும் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடைபோட்டுவிட்டு, நான் மனிதன் மட்டுமல்ல, அரசன், இந்த வேதனையை மூவருமாகச் சேர்ந்தே கடப்போம் என்று முடிவு செய்கிறான். அந்த முடிவுக்கு அவன் கொடுக்கும் விலைதான் இரண்டாம் பாதி முழுக்க. இந்தப் பேச்சைச் சரியாகச் செய்யும் நடிகர் கிடைத்தால் பிற்பகுதி தானாக எழுந்து நிற்கும். ஏமாற்றப்பட்ட கணவனாக மட்டும் நடித்தால் விழும். தவறு எழுத்தில் இல்லை, மேடையேற்றுகிறவர்களிடம் இருக்கிறது என்பதே என் வாதம்.

கரகரப்ரியா எழுதியது:

நல்ல இழை. உங்கள் வாதத்துக்கு இசைப் பக்கத்திலிருந்து ஒரு ஆதாரம் தருகிறேன்.

ஆர்தராக நடித்த ரிச்சர்ட் பர்ட்டன் பாடகர் இல்லை. 1956-இல் ‘மை ஃபேர் லேடி’க்கு ரெக்ஸ் ஹாரிசனை வைத்து, வசனமும் பாடலும் எழுதிய ஆலன் ஜே லெர்னரும் இசையமைத்த ஃபிரடெரிக் லோவேயும் செய்த அதே உத்திதான் இங்கும். பேச்சுக்கு நெருக்கமான மெட்டு, குறுகிய ஸ்தாயி, சொல்லுக்குத்தான் முதல் மரியாதை. எதிரே ஜூலி ஆண்ட்ரூஸும் ராபர்ட் கூலேயும் முழுக்க முழுக்கப் பாடகர்கள். அந்தக் காதல் ஜோடி வாய் திறந்தால் சுரம் பொங்கும். ஆர்தர் பேசுவான், பேச்சு மெல்ல மெட்டாகும், திரும்பவும் பேச்சாகிவிடும். பர்ட்டனின் குரலுக்காகச் செய்த ஏற்பாடாகவே இருக்கட்டும், மேடையில் அது பாத்திரத்தின் இயல்பாகவே ஆகிவிடுகிறது. ஆர்தர் யோசிக்கிறவன், மற்ற இருவரும் உணர்கிறவர்கள்.

இரண்டாம் பாதி லான்சலாட்டின் ‘இஃப் எவர் ஐ உட் லீவ் யூ’ பாட்டோடு தொடங்குகிறது. கோடையில் பிரிவதா, இலையுதிர் காலத்திலா, குளிரிலா, வசந்தத்திலா என்று ஒவ்வொரு பருவமாக எடுத்து, எதிலும் முடியாது என்று வந்து நிற்கும் பாட்டு. கூலேயை நட்சத்திரமாக்கியது இதுதான். ஆர்தருக்கு அந்தப் பாதியில் என்ன இருக்கிறது? குவினிவரோடு சேர்ந்து ஒரு பாட்டு, கடைசியில் தலைப்புப் பாட்டின் மறுவரவு, அவ்வளவே. சாதாரண ஜனங்கள் மனசு கனத்தால் என்ன செய்வார்கள் என்று ராஜாவும் ராணியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அந்த ஜோடிப் பாட்டைப் பலர் சிரிப்புக் காட்சியாகவே நடத்திவிடுகிறார்கள். சீட்டி அடிப்பார்கள், பாடுவார்கள், ஆடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறார்கள், எதுவும் பலிக்கவில்லை. இருவருக்கும் காரணம் தெரியும், இருவரும் வாய் திறப்பதில்லை. லோவே அதற்குப் போட்ட மெட்டு அவ்வளவு துள்ளலாக இருப்பதால்தான் அந்த மௌனம் அவ்வளவு வலிக்கிறது. அழுகை மெட்டு போட்டிருந்தால் பாழாகியிருக்கும்.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

நான் இருக்கிற ரொறன்ரோவிலதான் இந்த நாடகம் முதன்முதலில் மேடை ஏறியது என்பதை இங்கே பதிந்து வைக்க வேணும். 1960 ஒக்டோபர் 1, ஓ’கீஃப் சென்டர் திறந்த நாள். அரங்கத்தையே இந்த நாடகத்தோடுதான் திறந்தார்கள். யங் வீதியும் ஃப்ரண்ட் வீதியும் சந்திக்கிற இடத்தில் இப்ப மெரிடியன் ஹோல் என்று நிற்கிறதே, அதே கட்டடம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள்.

அண்டைக்கு நாடகம் முடிய நள்ளிரவும் தாண்டிவிட்டது. சரியான நீளம். அதுக்குப் பிறகு நடந்ததுகளைக் கேட்டால் நெஞ்சு பதறும். லெர்னர் வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் வெளியில் வர, இயக்குநர் மொஸ் ஹார்ட் மாரடைப்பில் உள்ளே போனார். உடை வடிவமைப்பாளர் ஏட்ரியன் முந்தின வருஷமே காலமாகி, டோனி டுகெட் என்பவர் மிச்ச வேலையை முடித்திருந்தார். லெர்னரே இயக்கத்தையும் பார்த்துக்கொண்டு, பொஸ்டனில் வெட்டி ஒட்டி, ஒருமாதிரி நியூயோர்க் போய்ச் சேர்ந்தார்கள். ஆனபடியால் ‘இரண்டாம் பாதி பலவீனம்’ என்று சொல்லும்போது, அந்தப் பாதியைச் செப்பனிட வேண்டிய ஆட்கள் நோயோடு கிடந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும். எழுத்தில் குறையே இல்லை என்ற திரைச்சீலையின் முடிவை நான் அப்படியே ஏற்க மாட்டேன். குறை இருந்தது. அதைத் திருத்தக் கால அவகாசம் கிடைக்கவில்லை.

பிறகு ஹார்ட் தேறி வந்து, நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்தினார். அரங்கேறிய நாடகத்தைத் திரும்ப உடைத்து வேலை செய்கிறது சின்னக் காரியம் இல்லை. 1961 மார்ச் 19-இல் எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சில காட்சிகளை நடித்துக் காட்டினார்கள். அடுத்த நாள் காலை டிக்கெட் வாங்கச் சனம் வரிசையில் நின்றது. 873 காட்சிகள் ஓடி 1963 ஜனவரியில்தான் நிறுத்தினார்கள். அதைப் பார்க்க ஹார்ட் உயிரோடு இல்லை, 1961 டிசம்பரிலேயே போய்விட்டார்.

செங்காந்தள் எழுதியது:

எல்லாரும் ஆர்தரைப் பற்றியே பேசுகிறீர்கள். சட்டத்துக்கும் மனைவிக்கும் நடுவே அரசன் தவிக்கிறான், சரி. அந்த மனைவி யார்?

திரைச்சீலை, உங்கள் விளக்கத்தில் குவினிவர் ஒரு வழக்கு எண் மாதிரி ஆகிவிடுகிறாள். காதலித்தவர்கள் இருவர். லான்சலாட் வாளைச் சுழற்றி வழி உண்டாக்கிக்கொண்டு தப்பிவிடுகிறான், எரிப்பதற்காகக் கம்பத்தில் கட்டப்படுவது இவள். நடுவர் குழு தண்டித்ததும் இவளைத்தான். இவ்வளவு பெரிய விசாரணையில் அவள் என்ன சொன்னாள் என்று நாடகம் நமக்குக் காட்டுவதே இல்லை. ‘ஐ லவ்டு யூ ஒன்ஸ் இன் சைலன்ஸ்’ பாடி முடித்த கையோடு கைது, அப்புறம் கோரஸ் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடுகிறது. பெயர் இருக்கிறது, குரல் இல்லை. இந்த இடம் பலவீனம்தான், எந்த நடிகரும் இதைச் சரிக்கட்ட முடியாது.

ஆனால் இரண்டு பாதிகளும் ஒட்டவில்லை என்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. குவினிவர் மேடைக்கு வந்ததும் பாடும் முதல் பாட்டை நினைத்துப் பாருங்கள். கன்னிப் பருவத்தின் எளிய சந்தோஷங்கள் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லையே என்று முறையிடுகிறாள். அவள் கேட்கும் சந்தோஷங்கள் எவை? எனக்காக வீரர்கள் மோத வேண்டும், எனக்காக ஒரு பகை மூள வேண்டும், உறவுக்காரர்களே வெட்டிக்கொள்ள வேண்டும். அரங்கம் சிரிக்கிறது, சின்னப் பெண்ணின் விளையாட்டுப் பேச்சு. கடைசிக் காட்சியில் அவள் கேட்ட அத்தனையும் கிடைத்துவிட்டது. அவளுக்காக வட்ட மேசை இரண்டாகி, நேற்றுவரை ஒன்றாக உண்டவர்கள் எதிரெதிர் அணியில் நிற்கிறார்கள். அவளோ துறவுச் சகோதரிகளிடம் அடைக்கலமாகிவிட்டாள். லெர்னர் முதல் பத்து, பதினைந்து நிமிஷத்திலேயே முடிவை விதைத்துவிட்டார். ஆர்தரின் அந்தத் தனிப்பேச்சை எவ்வளவு கவனமாக நடிக்கிறார்களோ, அதே கவனத்தோடு இந்த முதல் பாட்டையும் பாட வேண்டும். குறும்பு மட்டும் போதாது.

திரைச்சீலை எழுதியது:

செங்காந்தள், முதல் பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது இந்த இழையிலேயே மிக முக்கியமான வாதம். அதை முழுசாக ஏற்கிறேன்.

குவினிவரின் குரல் பற்றி மட்டும் ஒன்று. அவளை எரிக்கும் காட்சியில் ஆர்தர் சட்டத்தின் பக்கம் நிற்பதில்லை. தீ மூட்டச் சைகை தரட்டுமா என்று கேட்கும்போது அவனால் முடியவில்லை. அவளைச் சாக விட முடியாது என்று உடைந்துபோகிறான். நீயும் மனிதன்தானே என்று மார்ட்ரெட் ஏளனம் செய்கிறான். லான்சலாட் வந்துவிட்டான் என்று கேட்டதும், தன் காவலர்கள் சாகிறார்கள் என்பதும் தெரிந்தே, ஆர்தருக்கு மூச்சு வருகிறது. அரசனாகத் தோற்று மனிதனாக நிம்மதி அடையும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இந்த நாடகத்தைத் திரும்பத் திரும்ப நாடுகிறேன். அவள் பேசியிருக்க வேண்டும் என்ற உங்கள் குறை அப்படியே நிற்கிறது, அதை மறுக்கவில்லை.

பழம்புத்தகம் எழுதியது:

இந்த முக்கோணம் எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம், ஏனென்றால் மேடை வடிவத்தின் சிக்கல்கள் சில அங்கேதான் இருக்கின்றன.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெஃப்ரி ஆஃப் மான்மவுத் லத்தீனில் எழுதிய வரலாற்றில் லான்சலாட்டே கிடையாது. அங்கே ராணியைக் கவர்ந்து சிம்மாசனத்தையும் பிடிப்பவன் மார்ட்ரெட். அதாவது மூன்றாவது கோணம் ஒரு துரோகி. பிறகு அதே நூற்றாண்டில் கிரெத்தியன் த துருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர்தான் லான்சலாட்டை ராணியின் காதலனாக்கினார். வில்லன் இருந்த இடத்துக்கு, அரசனுக்கு மிக நெருக்கமான நல்லவன் ஒருவன் வந்தான். கதை ஆழமானது அங்கேதான். தாமஸ் மாலரி தொகுத்ததை 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்டார். மாலரியை அடியொற்றி டி. எச். ஒயிட் எழுதிய ‘தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் கிங்’ 1958-இல் முழு நூலாக வந்தது. லெர்னர் கையில் எடுத்தது இதைத்தான்.

ஒயிட்டின் லான்சலாட் அழகன் இல்லை. அவலட்சணமான முகம், தன்மேலேயே வெறுப்பு. அந்த வெறுப்பால்தான் தூய்மைக்காக அப்படித் துடிக்கிறான். மேடையிலோ அவன் அழகன், தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு நுழைகிறவன். வேடிக்கைக்கு நல்லது, கூலேக்குப் பொருத்தம். ஆனால் அழகான இளைஞன் வந்தான், ராணி மயங்கினாள் என்று கதை சப்பென்று ஆகிவிடும் அபாயமும் அதிலேயே இருக்கிறது. போட்டியில் தன் ஈட்டியால் இறந்துபோன சர் லயனலை லான்சலாட் பிரார்த்தித்து உயிர்ப்பிக்கும் காட்சி அந்த அபாயத்திலிருந்து கொஞ்சம் காப்பாற்றுகிறது. குவினிவர் மனம் மாறுவது அங்கேதான், அவன் முகத்தைப் பார்த்து அல்ல. அந்தக் காட்சியை அவசரமாக ஓட்டினால் எல்லாம் போச்சு.

இன்னொன்று. கடைசியில் போர்க்களத்துக்கு வரும் சிறுவனின் பெயர் வாரிக்கைச் சேர்ந்த டாம். ஆர்தர் அவனைச் சண்டைக்குள் விடாமல், இந்தக் கதையைப் போய்ச் சொல் என்று அனுப்பிவைக்கிறான். ஒயிட் அந்தச் சிறுவனாக எண்ணியது தாமஸ் மாலரியை. கதையைக் கேட்டவன்தான் பின்னாளில் அதை எழுதியவன் என்று வைத்துவிட்டார்.

புதுவரவு_27 எழுதியது:

வணக்கம். நான் இதில் எதையும் பார்த்ததில்லை. 1967 படத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?

கரகரப்ரியா எழுதியது:

வணக்கம், வாங்க. படத்துக்கு முன்னால் மேடை நடிகர்கள் பாடிய ஆல்பத்தைக் கேளுங்கள். பர்ட்டன், ஆண்ட்ரூஸ், கூலே, மார்ட்ரெட்டாக ராடி மெக்டவல், நால்வரும் இருக்கிறார்கள். ஜோஷுவா லோகன் இயக்கிய படத்தில் ரிச்சர்ட் ஹாரிஸ், வனெஸா ரெட்கிரேவ், ஃபிராங்கோ நீரோ. உடை, கலை, இசைத் தழுவல் என்று மூன்று ஆஸ்கர் வாங்கியது. கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. நீரோவுக்குப் பாட்டில் வேறொருவர் குரல் கொடுத்தார். படம் ரொம்ப நீளம், பாட்டுகளுக்குக் காற்றோட்டம் இல்லை என்பது என் எண்ணம்.

ஹட்சன்கரை எழுதியது:

2023-இல் லிங்கன் சென்டரின் விவியன் போமான்ட் அரங்கில் பார்த்தேன். பார்ட்லெட் ஷெர் இயக்கம், வசனம் முழுக்க ஆரன் சோர்கின் புதிதாக எழுதியது. ஆர்தராக ஆண்ட்ரூ பர்னாப், குவினிவராக ஃபிலிப்பா சூ, லான்சலாட்டாக ஜோர்டன் டோனிகா. ஏப்ரலில் அரங்கேறி ஜூலையிலேயே நின்றுவிட்டது.

சோர்கின் மந்திரத்தை எல்லாம் எடுத்துவிட்டார். மார்கன் லெ ஃபே அங்கே சூனியக்காரி அல்ல, விஞ்ஞானி. திரைச்சீலை சொல்லும் சட்டம், ஆட்சி, ஜனநாயகம் பற்றிய பேச்சுக்குக் குறைவே இல்லை. அப்படிப் பார்த்தால் அது உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. எல்லாரும் எதையும் கெட்டிக்காரத்தனமாக வாதிட்டுவிடுகிறார்கள். வாதம் கூடக்கூட, பாட்டு எங்கோ வெளியிலிருந்து வந்து போவதுபோல ஆகிறது. சூவின் குவினிவர் அறிவாளி, ஆர்தருக்குச் சமமாக நின்று ஆட்சி நடத்துகிறவள். செங்காந்தள் கேட்கும் குரல் அவளுக்கு ஓரளவு கிடைத்தது. அதற்குப் பதிலாக அவளுடைய ஏக்கம் பறிபோனது. டோனிகா பாடியபோது மட்டும் அரங்கம் மொத்தமாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. பெரிய இசைக்குழு வைத்திருந்தார்கள், அதற்காகவே போகலாம் என்ற அளவுக்கு ஒலித்தது.

மந்திரத்தை எடுத்ததில் ஒன்றை மட்டும் வரவேற்கிறேன். மூல நாடகத்தில் ஆர்தரை ஒரு ராத்திரி காட்டில் அடைத்துவைக்க, மார்ட்ரெட் மார்கன் லெ ஃபேயிடம் தின்பண்டம் கொடுத்துக் கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பச் சொல்கிறான். நாடகம் உச்சத்துக்கு ஏற வேண்டிய நேரத்தில் இது குழந்தைக் கதை.

திரைச்சீலை எழுதியது:

அந்தச் சுவரை நானும் காப்பாற்றப் போவதில்லை. 1967 படம் அதைத் தூக்கிவிட்டது. அங்கே மார்ட்ரெட் சவால் விட, ஆர்தர் தானாகவே ராத்திரி காட்டில் தங்குகிறான். அவர்களை நம்புகிறேன் என்று காட்டவே அரண்மனைக்குத் திரும்பாமல் இருக்கிறான். அந்த நம்பிக்கைதான் மூவரையும் மாட்டிவைக்கிறது. சுவரைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் விஷயத்தை ஒருத்தரும் தொடவில்லை. லெர்னரும் கென்னடியும் சோட் பள்ளியிலும் ஹார்வர்டிலும் ஒன்றாகப் படித்தவர்கள். 1963 நவம்பரில் கென்னடி கொலையுண்டு ஒரு கிழமைக்குள், தூங்கப் போகுமுன் கணவர் இந்த இசைத்தட்டைக் கேட்பார், கடைசி வரிகள் அவருக்கு விருப்பம் என்று ஜாக்குலின் சொன்னதை லைஃப் சஞ்சிகை 1963 டிசம்பரில் வெளியிட்டது. அப்ப நியூயோர்க்கில் நாடகம் நின்று மாதக்கணக்காகிவிட்டது, ஊர் ஊராகப் போய் நடிக்கிற குழு மட்டும் சிகாகோவில் நடித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு வந்ததும் அரங்கமே அழுது, காட்சி சில நிமிஷம் நின்றுபோனது என்று லெர்னர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அதுக்குப் பிறகு கேமலாட் என்றால் பொற்காலம் என்ற அர்த்தம் ஊன்றிவிட்டது. நாடகத்துக்கு அது நல்லது செய்ததா என்பது எனக்குச் சந்தேகம். ஆர்தரின் தடுமாற்றம், அவனுடைய சட்டத்தின் தோல்வி எல்லாம் பின்னுக்குப் போய், அழகான ஒரு காலம் இருந்ததே என்ற ஏக்கம் மட்டும் மிஞ்சியது. இண்டைக்கும் பலர் அந்த ஏக்கத்தைக் கேட்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள், இயக்குநர்களும் அதையே கொடுக்கிறார்கள்.

செங்காந்தள் எழுதியது:

அண்ணா, இது சரியான இடம். வட்ட மேசை வெளியிலிருந்து வந்த ஒரு துப்பாக்கிக் குண்டால் சாகவில்லை, உள்ளேயிருந்து அழுகியது. நல்லவர்களாக வாழ்ந்தே சலித்துப்போன வீரர்கள்தான் மார்ட்ரெட் பின்னால் போனார்கள். அந்தச் சலிப்பு சரியாகத் தெரியாததால்தான் மார்ட்ரெட் திடீரென்று முளைத்த வில்லனாகத் தோன்றுகிறான்.

கரகரப்ரியா எழுதியது:

அதற்கென்றே ஒரு பாட்டு இருந்தது. ‘ஃபை ஆன் குட்னஸ்’. கொள்ளையும் சண்டையும் இல்லாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையா என்று வீரர்கள் குமுறும் பாட்டு. நாடகம் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் அதையும், முதல் பாதியில் குவினிவர் மூன்று வீரர்களை லான்சலாட்டுக்கு எதிராக ஏவிவிடும் ‘டேக் மீ டு தி ஃபேர்’ பாட்டையும் வெட்டிவிட்டார்கள். ஆல்பம் அதற்கு முன்பே பதிவானதால் இரண்டும் அதில் இருக்கின்றன. வெட்டியது நேரத்தை மிச்சப்படுத்தத்தான், ஆனால் நஷ்டம் பெரிது. ஒன்று போனதால் வட்ட மேசை ஏன் உடைந்தது என்பது மங்கியது. மற்றது போனதால், எனக்காக மோதுங்கள் என்ற குவினிவரின் பழைய ஆசை முதல்முறையாக நிஜமாகும் இடமே போனது. செங்காந்தள் சொன்ன அந்த விதை முளைவிடுவது அங்கேதான்.

பிந்தைய மேடையேற்றங்கள் சிலவற்றில் இவற்றைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். என் கையில் இருந்தால் இரண்டையும் சேர்த்து, அந்த மாயச்சுவரை எடுத்துவிடுவேன். நேரக் கணக்கும் சரியாக வந்துவிடும்.